சீழ் பிடிக்காத புண்

1. நான் ஒட்டிய தாள்

ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு பக்கம்கூடத் தேறவில்லை. ஆகவே நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அது தாராளமாக வரும்.

வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி என்றதும் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். நான் வேலை பார்த்தது அதில்லை. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். தோல் கம்பெனியில் கை நசுங்கியவர்கள், ரசாயனம் தெறித்துக் கண் எரிந்தவர்கள், பிரசவம், சர்க்கரைப் புண், இவைதான் எங்கள் பிழைப்பு. பிற்பாடு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கென்று ஆறு படுக்கை போட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் வேலூரிலிருந்து ஒரு டாக்டர் அம்மா வந்து பார்ப்பார். மற்ற நாட்களில் அவரை ஃபோனில் கேட்டுக்கொள்வார்கள்.

என் இடம் மைக்ரோபயாலஜி பெஞ்ச். புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதை ஸ்வாப் என்போம். அதைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பிறகு பிளேட்டில் போட்டு வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்ல வேண்டும்.

அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்வாப் எடுக்கத் தெரியாது. மேல்தோலைச் சும்மா தடவி அனுப்பிவிடுவார்கள். அதில் வளர்வது தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமி. அதை நம்பி ரிப்போர்ட் கொடுத்தால் நோயாளிக்கு வேண்டாத மருந்து போகும். அதனால் முதலில் ஸ்லைடில் சீழ் செல் இருக்கிறதா என்று பார்ப்போம். சீழ் செல் என்பது வேறொன்றுமில்லை, கிருமியோடு சண்டை போட வந்த நம் வெள்ளை அணுதான். நியூட்ரோஃபில் என்று பெயர். அது இருந்தால் அங்கே சண்டை நடக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் சாம்பிள் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

இந்த விதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, பெஞ்சுக்கு மேலே ஒட்டியவள் நான்தான். ‘சீழ் செல் இல்லையா? சாம்பிளை நிராகரி.’ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஜூனியர்கள் சந்தேகம் கேட்டால் வாயைத் திறக்காமல் அந்தத் தாளைக் கைகாட்டுவேன்.

2. ஸ்லைடில் யாருமில்லை

ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி வாக்கில் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு ஸ்வாப் வந்தது. படிவத்தில் ‘தர்ஷினி, ஆறு வயது, பெண், தலையில் புண்’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன நோய்க்குச் சிகிச்சை நடக்கிறது என்ற கட்டம் காலி. அது எப்போதுமே காலியாகத்தான் வரும். டாக்டர்களுக்கும் அந்தக் கட்டத்துக்கும் என்ன பகையோ தெரியாது.

ஸ்லைடைப் பார்த்தேன். சீழ் செல் இல்லை. இரண்டு மூன்று இடம் நகர்த்தினேன், இல்லை. ‘சீழ் செல்கள் இல்லை. சாம்பிள் தகுதியற்றது. மீண்டும் அனுப்பவும்’ என்று ரிப்போர்ட் அடித்துவிட்டு, ட்யூட்டி டாக்டர் நவீனுக்கு ஃபோனும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன்.

“டாக்டர், ஸ்வாப் சரியா எடுக்கல. ஒரு சீழ் செல் கூட இல்ல. வேற எடுத்து அனுப்புங்க.”

“அப்ப இன்ஃபெக்‌ஷன் இல்லையா மேடம்?”

“ஸ்லைடுல ஒண்ணும் இல்ல டாக்டர்.”

நான் சொன்ன வார்த்தை இதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். ஸ்லைடில் கிருமி இருந்தது. ஆனால் சீழ் செல் இல்லையென்று முடிவானபின் கிருமியை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஸ்வாபை நிராகரித்த ட்ரேயில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அந்த ஸ்லைடு மைக்ராஸ்கோப்பிலேயே இருந்தது. எடுத்துப் போடுமுன் பழக்க தோஷத்தில் ஒரு தடவை கண்ணை வைத்தேன்.

சரியாக எடுக்காத ஸ்வாப் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தோலின் செத்த செல்கள் தட்டை தட்டையாகக் கிடக்கும். நாலைந்து வகைக் கிருமி கலந்து கிடக்கும். இது அப்படி இல்லை. ஒரே வகை. இளஞ்சிவப்பில் மெல்லிய குச்சிகள், ஆயிரக்கணக்கில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. திசுவின் கிழிசல்களில் அப்பிக்கொண்டு நின்றன. இவ்வளவு கிருமி இருக்கிற இடத்தில் நியூட்ரோஃபில்கள் மொய்த்துக்கொண்டு இருக்க வேண்டும். செத்தவையாவது கிடக்க வேண்டும். ஸ்லைடை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்தேன். ஒன்றைக்கூடக் காணோம்.

நான் பயந்த சுபாவம் கிடையாது. பிணக்கிடங்குக்கு அடுத்த அறையில் மூன்று வருஷம் தனியாக வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பட்டப்பகலில், ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த லேபில், எனக்குப் பின்கழுத்து சில்லிட்டுப்போனது. உடனே ட்ரேயிலிருந்து ஸ்வாபை எடுத்து பிளேட்டில் போட்டு இன்குபேட்டரில் வைத்தேன். அடுத்து, ரத்த அணு எண்ணும் பிரிவில் இருந்த குமாரைக் கூப்பிட்டேன்.

“குமாரு, தர்ஷினின்னு ஒரு கொழந்த, ஆறு வயசு. காலைல ரத்தம் வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. லுக்கீமியா கொழந்த, கீமோ மூணாவது வாரம். வெள்ளை அணு வெறும் எரநூறு. நாலாயிரத்துக்கு மேல இருக்கணும். நியூட்ரோஃபில் சைபர்னு மெஷின் காட்டுது. நம்பாம ஸ்லைடு போட்டுத் தேடிக்கினு இருக்கேன். அர மணி நேரமா ஒண்ணு கூட ஆப்படல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீமோ மருந்து எலும்பு மஜ்ஜைக்குள் போய்ப் புற்று செல்லை அழிக்கும்போது நல்ல செல்லையும் சேர்த்து அழித்துவிடும். சில வாரங்களுக்கு உடம்பில் நியூட்ரோஃபிலே இருக்காது. அது இல்லாவிட்டால் சீழ் வராது, புண் சிவக்காது, வீங்காது. கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடும். கிருமி ரத்தத்துக்குள் இறங்கினாலும் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. இதெல்லாம் நான் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியதுதான். என் லேமினேட் தாளில்தான் அது இல்லை.

3. பூட்டிய ஊர்

டாக்டர் நவீனிடம் ஓடினேன்.

“அந்தப் பாப்பாவா மேடம்? ரத்த டெஸ்டுக்கு வந்தவங்க, அப்படியே தலைல இருந்த புண்ணையும் காட்டினாங்க. காய்ச்சல் இல்ல. புண்ணு செவக்கவும் இல்ல, சும்மா ஒரு கறுப்புப் பொட்டு. நீங்களும் ஒண்ணும் இல்லன்னீங்களே. ஆயின்ட்மென்ட் போட்டு அனுப்பிட்டேன். திங்கக்கெழம வருவாங்க.”

“கீமோ கொழந்தன்னு படிவத்துல எழுதலயே டாக்டர்.”

“நீங்க கேக்கலயே மேடம்.”

குழந்தைப் புற்றுநோய் வார்டின் ஸ்டெல்லா சிஸ்டரிடம் போய்ச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“கறுப்புப் பொட்டா? திங்கக்கெழம வரைக்கும் அந்தப் புள்ள இருக்காது.”

வேலூருக்கு ஃபோன் போட்டார். உடனே குழந்தையைக் கொண்டுவந்து மருந்து ஏற்றுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று டாக்டர் அம்மா சொன்னார். கொண்டுவருவது எப்படி? பதிவில் இருந்தது அப்பா ஏழுமலையின் நம்பர். அவர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. அங்கே கேட்டிலேயே ஃபோனை வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார்கள், ஷிஃப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா கலாவிடம் ஃபோன் கிடையாது. அணைக்கட்டு என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தின் பெயர் மட்டும் பதிவில் இருந்தது.

ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஸ்டெல்லாவால் ஆறு குழந்தைகளை விட்டு வர முடியாது. நானே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் அன்வர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா மேடம், லேப்ல இருந்து நீங்க எதுக்கு?”

“தப்பு என்னோடது பாய். வண்டிய எடுங்க.”

கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊருக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். நூறு வீடாவது இருக்கும். அத்தனையும் பூட்டியிருந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பகலில் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஆண்கள் அதற்கு முன்பே பைக்கில் போயிருப்பார்கள். அன்றைக்குச் சனிக்கிழமையும் பள்ளி இருந்ததால் பிள்ளைகளும் இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அன்றைக்கு அந்தத் தெரு பிடிக்கவில்லை.

எல்லா வீட்டுக் கொடியிலும் ஒரே நீலக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது, கம்பெனி கொடுத்த மாற்றுக் கோட்டு. காற்றில் எல்லாம் ஒரே மாதிரி கையை ஆட்டின. ஒரு பூட்டிய வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன, ஆளில்லாமல். அன்வர் பாய் ஹாரன் அடித்தார். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

“இன்னா மேடம் இது, ஊர காலி பண்ணிக்கினு போய்ட்டாங்களா?” என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

காலையில் பார்த்த ஸ்லைடுக்குள் நானே நடந்து போகிற மாதிரி இருந்தது. எந்தக் கதவைத் தட்டுவது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. “தர்ஷினி!” என்று கூப்பிட்டேன். என் குரலே எனக்கு அசிங்கமாகக் கேட்டது. மறுபடி கூப்பிட்டபடி தெருவின் கடைசி வரை நடந்தேன்.

கடைசி வீட்டுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு குழந்தையின் குரல் வந்தது.

“எம்மா, இன்னொரு இட்லி.”

4. பேனாக் கோடு

சந்துக்குள் ஒரு ஓட்டு வீடு. வாசலில் தர்ஷினி சம்மணம் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தாள். சாகப்போகிற குழந்தையைத் தேடி வந்தவளுக்கு இந்தக் காட்சி நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு அதைப் பார்த்துத்தான் அதிகம் பயம் வந்தது. ஸ்டீராய்டு கொடுத்தால் பசி பசியென்று தின்பார்கள், முகம் உப்பிப் பளபளப்பாகும். அவள் முகமும் வட்டமாக, பொம்மைக்குப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கையைக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு, அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். மொட்டைத் தலை. வலது காதுக்கு மேலே அந்தப் பொட்டு. நடுவில் கரியாகக் கறுத்து, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். ஈரமில்லை, சிவப்பில்லை, வீக்கமில்லை. அவ்வளவு சுத்தமான புண்ணை நான் பார்த்ததே இல்லை.

“வலிக்குதாம்மா?”

“வலிக்கலயே ஆன்ட்டி.”

“நேத்து கடுகு மாதிரி இருந்துச்சு மேடம். காலைல மொளகு மாதிரி,” என்றார் உள்ளேயிருந்து வந்த அம்மா கலா. இப்போது சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. கோட்டுப் பையில் ஸ்லைடில் பெயர் எழுதும் பேனா இருந்தது. சாம்பல் வளையத்தின் வெளி ஓரத்தை ஒட்டி ஒரு கோடு போட்டேன்.

“உடனே கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“டாக்டர் ஒண்ணுமில்லன்னாரே மேடம்?”

“அது நான் சொன்ன தப்பு. வண்டில சொல்றேன், வாங்க.”

கலா இட்லித் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டியில் கேட்டேன், தலையில் எப்படிக் காயம் பட்டது என்று.

“புதன்கெழம குலதெய்வம் கோயில்ல மொட்ட போட்டோம் மேடம். சவரக் கத்தி லேசா பட்டுருச்சு, ஒரு சொட்டு ரத்தம்தான் வந்துச்சு. இவ பொறந்தப்பவே சாமிக்குன்னு நேந்து வளத்த முடி. கீமோ குடுத்ததுல இருந்து கொட்டிக்கினே இருந்துச்சு. தெனமும் தலகாணில இருந்து பொறுக்கி ஒரு துணில முடிஞ்சி வச்சேன். அது பூரா கொட்டி முடிஞ்சிட்டா அப்பறம் சாமிக்கு இன்னாத்த குடுக்கறது?”

பாதி வழி வரை தர்ஷினி பேசிக்கொண்டே வந்தாள். சைரன் போடச் சொன்னாள், அன்வர் பாய் போட்டார். பிறகு பேச்சு குறைந்தது. தூக்கம் வருகிறது என்று அம்மா மடியில் சாய்ந்தாள். கையைத் தொட்டேன், அந்த வெயிலில் ஜில்லென்றிருந்தது. முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பாய், வேகமா போங்க.”

“போய்க்கினுதான் இருக்கேன் மேடம். பாப்பாவ பேச வுடுங்க, தூங்க வுடாதீங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியபோது தலையைப் பார்த்தேன். சாம்பல் வளையம் ஒரு பக்கத்தில் என் பேனாக் கோட்டைத் தாண்டியிருந்தது.

5. திராட்சை வாசனை

ஸ்டெல்லா மருந்தைத் தயாராக வைத்திருந்தார். முதல் டோஸ் ஏறுவதற்குள் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மணிக்கு வேலூரிலிருந்து டாக்டர் அம்மா வந்தார். அப்போதும் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர் கடைசி வரை நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு, எனக்கு லீவு. வீட்டில் இருக்க முடியாமல் காலையிலேயே போனேன். இன்குபேட்டரைத் திறந்ததும் வாசனை அடித்தது. கனிந்த திராட்சை வாசனை, இனிப்பாக. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது சூடோமோனாஸ் என்ற கிருமியின் வாசனை. பிளேட்டில் பச்சை மினுமினுத்தது. எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறேன், ஜூனியர்களுக்கு “மோந்து பாருங்க, ஜூஸ் மாதிரி இருக்கும்” என்று வேடிக்கை காட்டியிருக்கிறேன். அன்றைக்கு வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனையை உடனே போட்டேன். திங்கட்கிழமை காலையில் முடிவு தெரிந்தது. கொடுத்துக்கொண்டிருந்த முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. வேறு ஒன்றுக்குக் கட்டுப்பட்டது. டாக்டர் அம்மாவை ஃபோனில் பிடித்துச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மருந்தை மாற்றினார்கள். சனிக்கிழமை ரத்தம் எடுத்து வளர்க்கப் போட்ட கல்ச்சரிலும் அதே கிருமிதான் வந்தது, ஆனால் அதன் முடிவு கைக்கு வர இன்னும் ஒரு நாள் ஆயிற்று. தூக்கி எறிய வைத்திருந்த ஸ்வாப் அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

அன்று மாலை ஐசியூ வாசலில் ஏழுமலையைப் பார்த்தேன். கைகளை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மொட்ட போடலாம்னு சொன்னது நான்தான் மேடம்,” என்றார். “நேர்த்திக்கடன்னு கலா சொல்லுவா. எனக்கு அது மட்டும் இல்ல. நான் பச்சத் தோல் செக்‌ஷன்ல இருக்கேன். லோடு வந்து எறங்கினதும் தோல்ல இருக்கற முடியப் புடிச்சி இழுத்துப் பாப்போம். கையோட வந்துருச்சுன்னா அந்தத் தோல் உள்ளார அழுவிப்போச்சுன்னு அர்த்தம், தள்ளி வச்சிருவோம். பன்னெண்டு வருஷமா அதான் வேல. ஒரு நாள் பாப்பா தலய தடவிக் குடுத்தேன். ஒரு புடி முடி கையோட வந்துருச்சு. கீமோல முடி கொட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்கதான். என் கைக்கு அது புரியல மேடம். அன்னிலேர்ந்து அவ தலயத் தொடவே பயம். முடியே கண்ணுல படக் கூடாதுன்னுதான் ஷேவ் பண்ணச் சொன்னேன்.”

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகாத தோலைப் பார்த்து அழுகிவிட்டது என்று அவர் பயந்தார். அழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒன்றுமில்லை என்று நான் எழுதினேன். இரண்டு பேரும் எங்கள் வேலையில் கற்றதைத்தான் செய்திருந்தோம். என் தப்பை அவரிடம் முழுசாகச் சொன்னேன், சீழ் செல், நிராகரிப்பு, டீ குடிக்கப் போனது எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“திரும்பிப் பாத்தீங்க இல்ல மேடம்,” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு நான் அழுதுவிட்டேன்.

6. ஒன்பதாம் நாள்

மருந்து கிருமியைத் தடுக்கும், முழுசாக விரட்டுவதற்கு உடம்பின் சொந்த ஆட்கள் வர வேண்டும். கறுத்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். பள்ளம் காய்ந்தபடி, வெளுத்தபடி, அப்படியே இருந்தது. குமார் தினமும் காலையில் அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவான். “சைபர்க்கா.” மறுநாளும் “சைபர்க்கா.” நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவான். ஐசியூவில் அவள் கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் அழவில்லை, எதையும் கேட்கவில்லை. ஊசி குத்தினாலும் கையை இழுக்கவில்லை. நர்ஸுகள் அவளை நல்ல பிள்ளை என்றார்கள். அந்த நல்ல பிள்ளைத்தனம் எனக்குச் சகிக்கவில்லை.

இதற்கிடையில் செய்ய வேண்டியதைச் செய்தேன். நடந்ததை என் கையெழுத்திலேயே எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தேன். ஒரு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். சுவரில் இருந்த தாளைக் கிழித்து எறிந்தேன். லேமினேட் செய்ததால் சுலபத்தில் கிழியவில்லை, கத்தரிக்கோல் தேவைப்பட்டது. புதிய தாளில் விதிக்குக் கீழே சேர்த்தேன்: ‘கீமோ நோயாளிக்கு இது பொருந்தாது. சீழ் செல் இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு.’ படிவத்தில் ‘கீமோ நடக்கிறதா?’ என்று ஒரு கட்டம் போடவைத்தேன், அதை நிரப்பாமல் வரும் ஸ்வாபுக்கு நானே ஃபோன் செய்து கேட்டேன். என்னைக் கண்டாலே ஜூனியர் டாக்டர்கள் பேஜார் ஆனார்கள். ஆகட்டும்.

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். விதி வேண்டும், அது இல்லாமல் லேப் நடத்த முடியாது. ஆனால் ஸ்லைடில் ஒன்று இல்லையென்றால், ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். சாம்பிள் எடுத்தவன் தப்பு செய்திருக்கலாம். அந்த உடம்பில் வருவதற்கு ஆளே இல்லாமலும் இருக்கலாம். எது என்று கேட்க ஒரு ஃபோன் போதும்.

ஒன்பதாம் நாள் மதியம், கலா லேப் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியாட்கள் வரக்கூடாத இடம். தலைமுடி கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

“மேடம், புண்ணு சீழ் வச்சிருச்சு! சுத்தியும் செவந்து வீங்கிப்போச்சு. வலிக்குதுன்னு கத்தறா, கிட்ட போவ வுட மாட்டேங்கறா. இத்தினி நாள் சுத்தமா இருந்துச்சே மேடம், இன்னா ஆச்சு?”

நான் ஒரு புது ஸ்வாப் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வராந்தாவிலேயே தர்ஷினியின் கத்தல் கேட்டது. டிரெஸ்ஸிங் மாற்ற ஐசியூவுக்கு வந்திருந்த ஸ்டெல்லாவை உதைத்துக்கொண்டிருந்தாள். டிரெஸ்ஸிங்கை எடுத்தபோது பள்ளம் செக்கச் சிவந்து, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் சீழ் பார்த்திருப்பேன், கொண்டாட வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

லேபுக்குத் திரும்பி ஸ்லைடைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து, பின்னாலேயே வந்த கலாவை என் ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

“இதுல கண்ண வைங்க. உருண்டையா, உள்ளார ரெண்டு மூணு துண்டா தெரியுது பாருங்க. அதான் நியூட்ரோஃபில். அதுதான் சீழு. உங்க பொண்ணோடது.”

கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கித் தேடினார்.

“தெரியுது மேடம். இவங்க இத்தினி நாள் எங்க போயிருந்தாங்க?”

“கீமோ எல்லாரையும் அழிச்சிருச்சு. இது இப்ப புதுசா பொறந்து வந்துருக்கு. சண்ட போடுது, அதான் செவந்திருக்கு, அதான் வலிக்குது.”

“அப்ப பொழச்சிருவாளா?”

“இந்தப் புண்ணுல இருந்து பொழச்சிட்டா.”

கலா மறுபடி கண்ணை வைத்தார். உதடு அசைந்தது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ட்ரேயில் வேறு சாம்பிள்கள் காத்துக்கிடந்தன, நான் எழுப்பவில்லை. பதினேழு வரைக்கும் எண்ணினார். அதற்குள் கண்ணில் நீர் கோத்து ஸ்லைடு மங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.